டேப் தீர்ந்துபோனால் யார் பார்ப்பது?

வணக்கம் சார்,

குழந்தைகள் உடை தைத்து விற்கும் சின்னத் தொழில் நடத்துகிறேன். இரண்டு பேர் வேலைக்கு இருக்கிறார்கள். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு. எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ளாதே, பிரித்துக் கொடு என்று எல்லாரும் சொன்னார்கள். கொடுத்தேன். தையல் ஒருவர், பேக்கிங் ஒருவர். வீட்டில் பள்ளிப்பை மகன் பொறுப்பு, துணி மடிப்பது மகள், பள்ளிக்கூட விஷயங்கள் கணவர். ஆனாலும் சோர்வு குறையவில்லை. நாள் முழுக்க ‘அது ஆச்சா, இது ஆச்சா’ என்று கேட்டபடியே இருக்கிறேன். கேட்காவிட்டால் நடப்பதில்லை. நானே செய்தால் பாதி நேரத்தில் முடிந்துவிடும். எனக்குப் பிரித்துக் கொடுக்கத் தெரியவில்லையா, இல்லை என்னைச் சுற்றி இருப்பவர்கள் சரியில்லையா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

எழுத்துக்கு வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் சின்ன அச்சகம் ஒன்று நடத்தினேன். அங்கே பார்சல் கட்டுவதற்கு ஒரு தம்பி இருந்தான். ஒரு நாள் மாலை, கூரியர் வண்டி வர அரை மணி நேரம் இருக்கும்போது டேப் தீர்ந்துவிட்டது. பாதி ஒட்டிய பெட்டிகள் மேஜையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. கத்தினேன். அவன் கையில் காலி அட்டை வளையத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சமும் பதறாமல் கேட்டான்: “சார், டேப் நீங்கதானே வாங்குவீங்க?”

என்னிடம் பதில் இல்லை. பேக்கிங் அவன் பொறுப்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் டேப் எப்போது தீரும், எத்தனை வாங்க வேண்டும், எங்கே வாங்க வேண்டும் என்பதெல்லாம் என் தலைக்குள்ளேயே இருந்தன. நான் கொடுத்தது ஒட்டுகிற வேலையை மட்டும்.

உங்கள் சோர்வும் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். அலிசன் டாமிங்கர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி 2019-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வீட்டு வேலைக்குள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலை இருக்கிறது என்று சொல்லி, அதை நான்காகப் பிரிக்கிறார். என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனித்துக்கொண்டே இருப்பது. முடிவெடுப்பதில் கணவர்களும் கலந்துகொள்கிறார்கள். முதலாவதும் கடைசியும்தான் பெரும்பாலும் மனைவி தலையில் விழுகின்றன. உங்களுடைய ‘அது ஆச்சா’ அந்தக் கடைசி வேலை.

பள்ளிக்கூட விஷயங்கள் கணவர் பொறுப்பு என்கிறீர்கள். பள்ளியிலிருந்து வரும் செய்தி யாருடைய போனுக்கு வருகிறது? உங்கள் போனுக்கு வந்து, நீங்கள் படித்து, அவருக்கு அனுப்பி, சாயங்காலம் ‘பார்த்தீங்களா’ என்று கேட்டால் அந்த வேலை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது.

தம்பி கதைக்கு வருகிறேன். மறுநாள் பேக்கிங் சாமான்களுக்கான பணத்தை மாதா மாதம் அவன் கையிலேயே கொடுப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு உருளை மிச்சம் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும் என்ற கணக்கை அவனே போட்டுக்கொண்டான். ஆனால் முதல் தடவையே நான் வாங்கும் டேப்பை விட்டுவிட்டு வேறொன்றை வாங்கி வந்தான். அகலம் அதிகம், நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவன் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அலமாரியைத் திறந்து உருளைகளை எண்ணுவேன். ஒருமுறை கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான். எண்ணுவதை நிறுத்த மூன்று வாரம் ஆனது.

வீட்டில் நான் இவ்வளவு நல்லபிள்ளையாக இருக்கவில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது துண்டுகளை மடித்து அடுக்குவாள். ஓரங்கள் சேராது, பந்து மாதிரி இருக்கும். அவள் நகர்ந்ததும் நான் பிரித்து மறுபடி மடிப்பேன். அவள் பார்க்கவில்லை என்று நினைப்பு. ஒரு நாள் துண்டுகளைக் குவியலாகவே கட்டிலில் போட்டுவிட்டு, “எப்படியும் நீங்க மறுபடி மடிப்பீங்கல்ல அப்பா” என்று விளையாடப் போய்விட்டாள். அதை இன்று வரை என்னால் சரிசெய்ய முடியவில்லை. இப்போதும் எங்கள் வீட்டில் துண்டு மடிப்பவன் நான்தான்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். அதன் பிறகு, பிள்ளைகளே தூக்கி நகர்த்தும்படி சின்ன நாற்காலிகளும், கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரிகளும் செய்ய வைத்தார். பெரியவரைக் கூப்பிடாமலே எடுக்கலாம், வைக்கலாம். உங்கள் மகனின் பாட அட்டவணை எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அவன் கண்ணுக்கு நேராக இருந்தால்தான் அவன் பார்ப்பான். அப்புறம் ஒரு நாள் நோட்டை மறந்துவிட்டுப் போவான். அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடாதீர்கள்.

இதையெல்லாம் எல்லாவற்றுக்கும் சொல்லவில்லை. குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து, வரி கட்டும் தேதி, ஆட்களின் சம்பளம், இவற்றில் தவறு நடக்கட்டும் கற்றுக்கொள்வார்கள் என்று உட்கார்ந்திருக்க முடியாது. அவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நானே செய்தால் பாதி நேரம் என்பது உண்மைதான். முதல் மாதம் அது பாதி நேரமாக இருக்காது, கால்வாசியாகத் தெரியும். சுற்றி இருப்பவர்கள் சரியில்லையா என்று கேட்டீர்கள். இருக்கலாம், சிலருக்குச் சில வேலை ஒத்துவராது. ஆனால் முழு வேலையையும் ஒருமுறையாவது கொடுத்துப் பார்க்காமல் அதை எப்படிச் சொல்வது?

முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, உங்கள் நம்பருக்குப் பதில் கணவர் நம்பரைக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. துண்டுகளுக்குக் கொஞ்ச நாளாகும்.