ரோஜாக் குச்சிக்கும் சட்டம் உண்டா?

ஓசூர் பக்கம் சின்னதாக நர்சரி வைத்திருக்கிறேன். ரோஜா, காகிதப்பூ நாற்று விற்க விதைச் சட்டப்படி உரிமம் வேண்டுமா?

1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தில் 'விதை' என்றால் என்ன என்று எழுதியிருப்பதைப் படித்தாலே பாதிக் குழப்பம் தீரும். உணவுப் பயிர், காய்கனி, பருத்தி, சணல், கால்நடைத் தீவனம், அவ்வளவுதான். குச்சி, கிழங்கு, ஒட்டுக்கன்றும் அதில் வரும். ஆனால் உணவுப் பயிராகவோ தீவனமாகவோ இருக்க வேண்டும். முருங்கைப் போத்து உள்ளே, ரோஜாக் குச்சி வெளியே! கூடவே கொய்யா, எலுமிச்சைக் கன்றும் விற்றால் கதை வேறு. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

புது ரகச் சாமந்தி வாங்கினேன். கட்டிங் எடுத்துப் பெருக்கி விற்றால் வழக்கு வருமா?

அந்த ரகம் இந்தியாவில் பதிவாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. 'வெளிநாட்டில் உரிமை பெற்றது' என்று அட்டையில் இருப்பது மட்டும் இங்கே செல்லாது. ஆனால் வாங்கும்போது ஒப்பந்தம் ஏதாவது போட்டிருந்தால் அது உங்களைக் கட்டும். கையெழுத்துப் போட்ட தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி பதிவாகியிருந்தால் 15 வருடம் வரை (மரம், கொடிக்கு 18) உற்பத்தியும் விற்பனையும் உரிமையாளர் கையில். இதில் உழவருக்கு 39-ஆம் பிரிவு ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது: தன் விளைபொருளை, விதை உட்பட, சேமிக்கலாம், பகிரலாம், விற்கலாம். 'பிராண்டட்' விதையாக மட்டும் விற்கக் கூடாது. அதாவது, பையில் போட்டு, பாதுகாக்கப்பட்ட ரகம் என்று தெரியும்படி லேபிள் ஒட்டினால் அந்த வாசல் மூடிவிடும். நர்சரித் தொழிலாகவே ஆயிரக்கணக்கில் பெருக்குபவர் 'நானும் உழவன்தான்' என்று இந்தப் பிரிவின் பின்னால் ஒதுங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். நீதிமன்றத்தில் நிற்குமா என்பது சந்தேகம்.

நெதர்லாந்திலிருந்து வரும் தம்பி பெட்டியில் டியூலிப் கிழங்கு கொண்டுவரலாமா?

சும்மா கொண்டுவர முடியாது. 2003-ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும், அந்த நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். மண் ஒட்டியிருந்தால் இன்னும் சிக்கல். தம்பியைச் சாக்லேட் வாங்கி வரச் சொல்லுங்கள்.

நாற்றுக்கு ஜிஎஸ்டி உண்டா?

உயிருள்ள செடி, கிழங்கு, கட்டிங்குக்கு வரி இல்லை. பிளாஸ்டிக் தொட்டியைத் தனியாக விற்றால் அதற்கு உண்டு.

மஞ்சள் காகிதப்பூ என்று வாங்கினேன். எட்டு மாதம் கழித்து ராணி கலரில் பூக்கிறது!

எனக்கும் நடந்திருக்கிறது. முதலில் நர்சரியிலேயே பேசுங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்கே போவதானால் இரண்டு வருடத்துக்குள், உங்கள் மாவட்டத்திலேயே போடலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில்லில் 'செடி - 1' என்று மட்டும் இருந்தால் கஷ்டம். அடுத்த முறை ரகத்தின் பெயரையும் நிறத்தையும் எழுதி வாங்குங்கள்.