பிள்ளைகள் புத்தகத்துக்கு விமர்சனம் எதற்கு?

அன்புள்ள அண்ணாச்சி,

போன மாதம் சிறுவர் நூல்கள் சிலவற்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றையும் மனதாரப் பாராட்டிவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குறையையும் சொல்லியிருந்தீர்கள். தமிழில் பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களே கொஞ்சம் பேர். அவர்களையும் இப்படி நிறுத்துப் பார்க்க வேண்டுமா? அப்புறம், கரிசல் கதை, ஜப்பான் பள்ளிக்கூடம், பாலியல் தொந்தரவு பற்றிய கதை என்று ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லையே, எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்? சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்கிறேன். அவர்கள் கேட்பதெல்லாம் பேய்க்கதை. கொடுக்கலாமா?

ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள தம்பி,

நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும். ‘பிள்ளைகள் புத்தகம்தானே, நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போவோம்’ என்கிற தாராளம் எழுதியவருக்கும் உதவாது, காசு கொடுத்து வாங்குகிற அப்பா அம்மாவுக்கும் உதவாது. பளபளவென்று அட்டை, உள்ளே பக்கத்துக்கு ரெண்டு எழுத்துப்பிழை, கடைசியில் ‘இக்கதையின் நீதி’ என்று வருகிற புத்தகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதுவும் அருமை, ‘டோட்டோ-சான்’ புத்தகமும் அருமை என்றால் எதை நம்பி ஒருவர் வாங்குவார்?

டெட்சுகோ குரோயனாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய அந்த ஜப்பானிய நூலைப் பற்றிப் பேசினால் எல்லோரும் ரயில்பெட்டி வகுப்பறையைச் சொல்வார்கள். எனக்கு மரமேறும் அத்தியாயம்தான் பெரிது. டோமோயி பள்ளியில் பிள்ளைகள் ஆளுக்கொரு மரம் வைத்திருக்கிறார்கள். போலியோ தாக்கிய யாசுவாகி-சானுக்கு மட்டும் மரம் இல்லை. டோட்டோ-சான் தன் மரத்துக்கு அவனை விருந்தாளியாக அழைக்கிறாள். ஏணியைச் சாத்துகிறாள், அவனால் முதல் படியைத் தாண்ட முடியவில்லை. ஓடிப்போய் மடக்கு ஏணியை இழுத்து வருகிறாள். வியர்வை ஒழுக, ஒருவழியாக அவனைக் கிளையில் சேர்த்துவிடுகிறாள். மேலே உட்கார்ந்து இரண்டு பேரும் டெலிவிஷன் என்று அவன் கேள்விப்பட்ட ஒரு பெட்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். முடியாதவர்களிடம் அன்பு காட்ட வேண்டும் என்று ஒரு வரி உபதேசம் கிடையாது. ஏணி ஆடுகிறது, நமக்கு வயிற்றைக் கலக்குகிறது, அவ்வளவுதான். இதற்கு மேல் பிள்ளைகளுக்கு எப்படி எழுதுவது?

குறை என்று நான் சொன்னது, தலைமையாசிரியர் கோபயாஷி அப்பழுக்கில்லாத மனிதராகவே கடைசிவரை வருகிறார் என்பது. நன்றியோடு திரும்பிப் பார்க்கும் ஒரு பெரியவளின் எழுத்து அது. எட்டு வயதுப் பிள்ளை தானாக வாசித்துக் கரையேறுவதும் சிரமம். நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். மதியச் சாப்பாட்டில் ‘கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம்’ இருக்க வேண்டும் என்று அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் வரும். நமக்கு ஒரு பக்கம் பொதிகை, ஒரு பக்கம் உவரிக் கடல். நெத்திலிக் கருவாட்டையும் சிறுகிழங்கையும் பிள்ளைகளே எடுத்துச் சொல்லிவிடுவார்கள்.

கரிசல் எழுத்தாளர் கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) ‘பிஞ்சுகள்’ வேறு ரகம். பறவை முட்டைகளைத் தேடிச் சேர்க்கிற ஒரு கிராமத்துப் பையனின் கண் அதில் இருக்கிறது. குருவி, முட்டை, பொந்து என்று ஒவ்வொன்றையும் கிட்டப் போய்ப் பார்த்தவர் மட்டுமே எழுத முடிகிற புத்தகம். கரிசல் பேச்சு டவுன் பிள்ளைகளுக்கு முதல் பத்துப் பக்கம் தட்டும், அப்புறம் பழகிவிடும். ஆனால் இன்றைக்கு வாசிக்கிற பிள்ளை ‘முட்டையை எடுக்கலாமா?’ என்று கட்டாயம் கேட்கும். கேட்கட்டும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கூந்தன்குளம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அந்தப் புத்தகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பாலியல் தொந்தரவு என்று வீட்டில் யாரும் வாய் திறக்காத விஷயத்தை ஒரு பிள்ளையின் காதில் விழும்படி, பயமுறுத்தாமல் சொல்கிறது. அந்தத் துணிச்சலுக்கு என் வணக்கம். பேசுகிற பொம்மை வந்துதான் கதையில் வருகிற பெண்பிள்ளைக்குத் தைரியம் வருகிறது, பொம்மை இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்பது என் கேள்வி. அதைப் பதில் சொல்லாமல் விட முடியாது. வாசித்து முடித்ததும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பாட்டுகளை வாசிக்கக் கொடுக்காதீர்கள், பாடவிடுங்கள். ஓசைதான் அங்கே எல்லாம், புத்திமதி கொஞ்சம் தூக்கல். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ பிள்ளைகளைக் கீழடிக்குக் கூட்டிப்போகிறது. நம் பக்கத்தில் அகழாய்வு நடந்த ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கும் சிவகளைக்கும் இப்படி யாராவது எழுத மாட்டார்களா என்ற ஏக்கம் அதை மூடும்போது எனக்கு வந்தது.

கணக்கு கேட்டீர்களே, இவற்றில் ஒன்று செய்கிற வேலையை இன்னொன்று செய்யாது என்பதுதான் கணக்கு. ஒரே ரகமாக அடுக்கினால் உங்கள் திண்ணையில் பாதிப் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள்.

பேய்க்கதை தாராளமாகக் கொடுங்கள். கொடைவிழாவில் சுடலைமாடன் கதையை விடிய விடிய வில்லுப்பாட்டில் கேட்கிற சீமை இது, நம் பிள்ளைகளுக்குப் பேய் புதிதில்லை. ஆனால் ‘ஐயோ’ என்ற அலறலை மட்டும் வைத்துப் பக்கத்தை நிரப்பியதை ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பேய் ஏன் பேயானது என்று சொல்லத் தெரிந்தவரின் கதையாகப் பாருங்கள்.

எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் மூடிவைத்தது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த கடிதத்தில் அதை எழுதினீர்கள் என்றால் அடுத்த பட்டியலை அதை வைத்தே போடுகிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி