காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தைக்கு ஜிங்க் சிரப் கொடுத்தால் மறுபடி வராதா?

ஒன்றரை வயது மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது, இரத்தத்தில் ஜிங்க் குறைவு, அதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். "சத்தாகச் சாப்பாடு கொடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?" என்று வீட்டில் யாரோ உங்களைக் கேட்டிருப்பார்கள். என்னையும் கேட்டார்கள்.

என் மகளுக்கும் ஏறக்குறைய அதே வயது. கண் மேலே செருகி, உதடு நீலம் பாரித்து, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டு அம்மா சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணிக்கப் பார்த்தார். இன்னொருவர் பல்லுக்கிடையில் வைக்கக் கரண்டியோடு வந்தார். இருவரையும் தள்ளிவிட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஓரிரு நிமிடத்தில் நின்றது. ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே 108-ஐ அழையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள்.

ஜிங்க் விஷயத்துக்கு வருகிறேன். மூளையின் கிளர்ச்சியை அடக்கும் காபா என்ற வேதிப்பொருள் உருவாவதில் அதற்குப் பங்கு உண்டு. காய்ச்சல் மட்டும் வந்த குழந்தைகளைவிட வலிப்பும் வந்தவர்களுக்கு ஜிங்க் குறைவு என்று இந்தியா, ஈரான், வங்கதேச ஆய்வுகள் பல சொல்கின்றன. ஆனால் தொற்று வந்தாலே உடல் இரத்தத்திலுள்ள ஜிங்க்கைக் கல்லீரலுக்கு இழுத்துக்கொள்ளும். எனவே காய்ச்சலன்று எடுத்த அளவை மட்டும் வைத்து இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வலிப்பு திரும்ப வராமல் ஜிங்க் தடுக்கும் என்பதற்குக் பல ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் மதிப்பாய்விலும் உறுதியான சான்று கிடைக்கவில்லை.

உடனே சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் மருத்துவர் அல்ல. ஜிங்க்குக்கு எதிரியும் அல்ல. வயிற்றுப்போக்குக்கு 10 முதல் 14 நாள் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, நானும் கொடுத்திருக்கிறேன். மருத்துவர் குறைபாடு என்று உறுதிசெய்தால் தாராளமாகக் கொடுங்கள். கடைக்காரர் சொன்னார் என்று மாதக்கணக்கில் ஊற்றாதீர்கள். அளவு மீறினால் உடலில் தாமிரம் குறையும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு இந்தக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் வரலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர நின்றுவிடும். இது கால்-கை வலிப்பு நோய் அல்ல. இதை மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகும், ஒரு மழலையர் பள்ளி "மற்ற பெற்றோர் பயப்படுவார்கள்" என்று என் மகளைச் சேர்க்க மறுத்தது. கட்டிய முன்பணத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.