நிறை குறையவில்லை, ஆனால் தசை குறைந்துவிட்டது என்றால் என்ன பொருள்?

கிளிநொச்சியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: குடல் புற்றுநோய் முற்றிய அம்மாவின் நிறை மாறவில்லை, ஆனாலும் ஸ்கானைப் பார்த்த வைத்தியர் தசை குறைந்துவிட்டது என்று கவலைப்படுவது ஏன்?

தராசு முழு உண்மையையும் சொல்லாது. தசை கரைந்த இடத்தைக் கொழுப்போ, வயிற்றிலும் காலிலும் தேங்கும் நீரோ ஈடுசெய்துவிடும். நிறை அப்படியே நிற்கும். அதனால்தான் ஏற்கெனவே எடுத்த சி.டி. ஸ்கானிலேயே, மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் தெரியும் தசைப் பரப்பை அளந்து, உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறார்கள். தசைக்குள் கொழுப்பு ஊடுருவியிருந்தால், படத்தில் அதன் அடர்த்தி குறைந்து தெரியும்.

நுரையீரல், சமிபாட்டுத் தொகுதிப் புற்றுநோயாளர்களைப் பற்றிக் கனடாவிலிருந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று மனத்தைக் கனக்கச் செய்வது. நிறையிழப்பு, குறைந்த தசை, குறைந்த தசையடர்த்தி மூன்றும் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் 8.4 மாதங்களைத் தாண்டவில்லை. மூன்றும் இல்லாதவர்களுக்கு அது 28.4 மாதங்கள். பருமனானவர்களுக்கும் இதுவே பொருந்தியது.

தயவுசெய்து இந்த எண்ணை அம்மாவின் நாட்கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பலரின் கணக்கு. தசை குறைந்த உடல் கீமோ மருந்தின் நச்சு விளைவுகளால் கூடுதலாகத் துன்பப்பட நேரலாம். வைத்தியர் யோசிப்பது பெரும்பாலும் அதைத்தான்.

வீட்டில் கவனியுங்கள்: கையூன்றாமல் கதிரையிலிருந்து எழுகிறாரா? தையல் நாடாவில் கெண்டைக்காலின் சுற்றளவு குறைகிறதா? கால் வீங்கியிருந்தால் அந்த அளவை நம்ப வேண்டாம். வெறுங்கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள், வன்னியில் பல வீடுகளில் இதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். குளத்து மீன், முட்டை, பயறு எதையாவது சிறிது சிறிதாகச் சேருங்கள். உடல் நிறையின் கிலோ ஒன்றுக்கு நாளொன்றில் 1 முதல் 1.5 கிராம் புரதம் என்பது பொதுவான இலக்கு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். அடுத்த முறை தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகும்போது இந்தக் குறிப்புகளையும் கொண்டுபோங்கள்.