பழைய பாணி சைக்கிள் பிரேம்: பெயின்ட் அடிப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். அப்பாவின் பழைய ராலி சைக்கிளைப் போலவே, லக் (குழாய்கள் சேரும் இடங்களில் அவற்றைச் செருகும் உலோக உறை) வைத்துப் பொருத்திய ஸ்டீல் பிரேம் ஒன்றைக் கையால் செய்விக்க ஆசை. பிரேம் செய்யும் ஒரு பாஸிடம் கேட்டேன். முழுக் காசையும் முற்பணமாகக் கேட்கிறார். குழாய் என்ன ரகம் என்றால் "நல்ல இரும்பு" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

"நல்ல இரும்பு" ஒரு பதிலே இல்லை. 4130 குரோமொலியா (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த எஃகு), பிரிட்டனின் ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் குழாயா என்று அவர் பெயர் சொல்ல வேண்டும். 1935இல் வந்த ரெனால்ட்ஸ் 531தான் அந்தக் காலத்து நல்ல பிரேம்களின் குழாய், இன்று 525, 725 போன்றவை அந்த இடத்தில் இருக்கின்றன. இவற்றில் நுனிகள் தடிப்பாகவும் நடுப்பகுதி மெல்லியதாகவும் இருக்கும், பல குழாய்களில் நடுவில் அரை மில்லிமீற்றர் அளவுதான். அதனால் கேற் ஒட்டுகிற ஆர்க் வெல்டிங் இதற்குச் சரிவராது. லக்குக்கும் குழாய்க்கும் இடையில் பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி ஓடவிட வேண்டும், சூடு மிஞ்சினால் குழாயின் பலம் போய்விடும்.

இதையெல்லாம் பெயின்ட் அடித்த பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. வெறும் பிரேமாக இருக்கும்போதே போய், லக்கின் விளிம்பு முழுக்க உலோகம் இடைவெளி இல்லாமல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு நூலைப் பின்சக்கரம் பொருத்தும் ஒரு பக்கத்திலிருந்து முன்கழுத்தைச் சுற்றி மறுபக்கத்துக்கு இழுத்துக் கட்டி, சீற் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளந்தால் கோணல் உடனே தெரியும்.

அப்பாவின் ராலியை அப்படியே நகலெடுக்கச் சொல்லாதீர்கள். தோற்றம் அதேபோல் இருக்கட்டும், ஆனால் பழைய ராலிகள் பலவற்றில் பெடல் தண்டுகளின் அச்சு சுழலும் கூட்டில் அங்குலத்துக்கு 26 திருகுப்புரி, அதற்குப் பாகம் தேடி அலைய வேண்டிவரும். 24 புரி போடச் சொல்லுங்கள், இன்றைய பாகம் பொருந்தும்.

கடற்காற்றில் பிரேம் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும், வெளியே பளபளவென்று இருக்கும்போதே. பெடல் அச்சுக் கூட்டின் அடியில் நீர் வடியும் துளையும், குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெயும் கட்டாயம்.

காசை மூன்றாகப் பிரியுங்கள்: குழாயும் லக்கும் வாங்க ஒரு பகுதி, வெறும் பிரேமைப் பார்த்தபின் ஒரு பகுதி, மிச்சம் கையில் கிடைக்கும்போது. குழாய் ரகம், அளவுகள், முடிக்கும் திகதி எல்லாம் பற்றுச்சீட்டில் இருக்க வேண்டும். பிரச்சினை வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம், அங்கேயும் அந்தச் சீட்டைத்தான் கேட்பார்கள். வெறும் பிரேமைக் காட்ட மறுத்தால் வேறு பாஸைத் தேடுங்கள்.