நாட்குறிப்பும் வழக்கேடும்: தன்பாலீர்ப்பாளர் வரலாறு பற்றிய கேள்வி பதில்

கேள்வி (மதுரை): இறந்து நூறு, இருநூறு ஆண்டுகள் ஆனவரைத் தன்பாலீர்ப்பாளர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஊகம்தானே?

பதில்: பலரைப் பற்றி உலவுவது ஊகம்தான், அவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரை ஒட்டிய ஷிப்டன் ஹால் என்ற பண்ணைக்கு உரிமையாளராக இருந்த ஆன் லிஸ்டர் (1791–1840) விஷயத்தில் ஊகத்துக்கு இடமே இல்லை. அவரே எழுதி வைத்துவிட்டார். ஏறத்தாழ ஐம்பது லட்சம் சொற்கள் கொண்ட அவருடைய நாட்குறிப்பில் ஆறில் ஒரு பங்கு, கிரேக்க எழுத்துகளையும் இயற்கணிதக் குறிகளையும் கலந்து அவரே அமைத்துக்கொண்ட சங்கேத எழுத்தில் இருக்கிறது. 1890களில் அக்குடும்பத்தின் ஜான் லிஸ்டரும், ஆர்தர் பரெல் என்ற ஆசிரியரும் அதைப் படித்தறிய முயன்றார்கள். 'எச்', 'இ' என்னும் இரண்டு எழுத்துகளை மட்டும் கண்டுபிடித்திருந்த நிலையில், பழைய பத்திரங்களுக்கு நடுவே ஒரு துண்டுத் தாள் கிடைத்தது. அதில் 'கடவுளே என்' என்று ஆங்கிலத்தில் தொடங்கிய வாக்கியத்தின் கடைசிச் சொல் மட்டும் சங்கேதத்தில் இருந்தது. அது 'ஹோப்', அதாவது நம்பிக்கை என்ற சொல்லாகத்தான் இருக்கும் என்று பிடித்துக்கொண்டவர்கள், பின்னிரவு இரண்டு மணிக்குள் மீதி எழுத்துகளையும் கண்டுபிடித்தார்கள். பெண்களோடு அவர் கொண்டிருந்த காதலும் உடலுறவும் அங்கே பதிவாகியிருந்தன. எரித்துவிடுங்கள் என்றார் பரெல். ஜான் எரிக்கவில்லை; சுவர்ப் பலகைக்குப் பின்னால் மறைத்து வைத்தார். அப்பகுதிகளின் தேர்வு 1988-இல்தான் நூலாக வந்தது.

கேள்வி (திருச்சி): அக்காலத்தில் 'லெஸ்பியன்' என்று யாரும் தம்மைச் சொல்லிக்கொள்ளவில்லையே. அச்சொல்லை அவருக்குச் சூட்டுவது முறையா?

பதில்: இதே சர்ச்சை யார்க் நகரில் நடந்தது. லிஸ்டரும் அவருடைய காதலி ஆன் வாக்கரும் 1834-இல் அங்குள்ள ஒரு தேவாலயத்தில் சேர்ந்து நற்கருணை பெற்றதையே தங்கள் திருமணமாகக் கருதினார்கள். 2018-இல் அங்கே பதிக்கப்பட்ட நினைவுப் பலகை, லிஸ்டரைப் பாலின வழக்கங்களுக்கு அடங்காதவர் என்று மட்டும் சொல்லி நழுவியதால் எதிர்ப்பு கிளம்பியது. மறு ஆண்டு 'லெஸ்பியன்' என்ற சொல்லோடு புதிய பலகை வந்தது. பெண்களை மட்டுமே நேசிக்கிறேன் என்று வெளிப்படையாக எழுதியவருக்கு அச்சொல் பொருந்தும் என்பதே என் கருத்து.

கேள்வி (சேலம்): ஆண்களின் பெயர்கள் மட்டும் அதிகம் தெரிய வருவது ஏன்?

பதில்: பிரிட்டனைப் பொறுத்தவரை சட்டமே முக்கியக் காரணம். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 1885-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களை மட்டுமே தண்டித்தது. ஆகவே 1895-இல் ஈராண்டுக் கடுங்காவல் பெற்ற எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டைப் போன்றவர்களின் அந்தரங்கம் வழக்கேட்டில் ஏறியது. பெண்களுக்கு அந்தக் கொடுமை நேரவில்லை, அந்தப் பதிவும் இல்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் நண்பர் ஒருவரும் இவ்வரிசையில் வருவாராமே?

பதில்: ஆம், ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பென்டர் (1844–1929). கேம்பிரிட்ஜில் அருணாசலம் படித்த காலத்தில் ஏற்பட்ட நட்பு அது. குருநாகலில் அருணாசலம் நீதிபதியாக இருந்த 1890-இல் கார்ப்பென்டர் இலங்கைக்கு வந்து, இராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டார். 1892-இல் வந்த அவருடைய பயண நூலில் அந்தச் சந்திப்பு விரிவாக இருக்கிறது. ஊர் திரும்பியவர், ஷெஃபீல்டின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த ஜார்ஜ் மெரில் என்பவரைச் சந்தித்தார். 1898 முதல், வைல்டு வழக்கின் அச்சம் அடங்காத அந்நாட்டில், இருவரும் ஒரே வீட்டில் ஒளிவுமறைவின்றிக் குடும்பம் நடத்தினார்கள் என்பது இன்றும் எனக்கு வியப்பே. இன்று இருவருக்கும் கில்ஃபோர்டில் ஒரே கல்லறை.

கேள்வி (கோயம்புத்தூர்): கணினி அறிவியல் முன்னோடி ஆலன் டூரிங்கின் தாயார் எங்கள் போத்தனூரில் பிறந்தவர் என்பது உண்மையா?

பதில்: உண்மை. தாய்வழித் தாத்தா சென்னை மாகாண ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். டூரிங் பிறந்தது மட்டும் லண்டனில், 1912-இல். போர்க்காலத்தில் ஜெர்மானியரின் சங்கேதங்களை உடைத்த அவர், 1952-இல் தம் வீட்டில் நடந்த திருட்டைப் புகார் செய்யப் போய், விசாரணையில் ஓர் ஆணோடு தமக்கிருந்த உறவை ஒப்புக்கொண்டு, தாமே குற்றவாளியானார். சிறைக்கு மாற்றாக ஓராண்டு ஹார்மோன் சிகிச்சை. அவரைத் தண்டித்தது வைல்டைத் தண்டித்த அதே 1885 சட்டம். 1954-இல் சயனைடு நஞ்சால் இறந்தார். அரச மன்னிப்பு வந்தது 2013-இல்.

கேள்வி (சென்னை): ஆப்பிள் நிறுவனத்தின் சின்னம் அவர் கடித்த ஆப்பிள்தானா?

பதில்: இல்லை, சின்னத்தை வரைந்தவரே மறுத்திருக்கிறார். டூரிங் இறந்து கிடந்த படுக்கையருகே பாதி தின்ற ஆப்பிள் கிடந்தது மெய்தான், ஆனால் அதில் நஞ்சு இருந்ததா என்று எவரும் சோதிக்கவில்லை.