பார்கோடு வெட்டிய பெட்டி

கேள்வி: பிரிண்டர் வாங்கினால் 'ரிபேட்' என்று ஒரு தொகை தபாலில் திரும்ப வரும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். படிவத்தை நிரப்பி, ரசீதையும் பெட்டியிலிருந்து வெட்டிய பார்கோடையும் வைத்து அனுப்பினேன். இரண்டரை மாதம் கழித்து, 'பார்கோடு அசல் அல்ல' என்று மறுப்பு வந்திருக்கிறது. என் கையால் வெட்டியது அது! சின்னத் தொகைதானே, விட்டுத் தள்ளு என்கிறார்கள் வீட்டில். விட்டுவிடலாமா?
– வாசகி, அமெரிக்கா

பதில்: விடவே கூடாது. சின்னத் தொகை என்று நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்பதும் அவர்கள் போட்ட கணக்கில் சேர்த்திதான். யாரும் கேட்டு வாங்காததால் கம்பெனியிடமே தங்கிவிடும் ரிபேட் பணத்துக்கு அந்தத் தொழிலில் 'பிரேக்கேஜ்' என்று தனிப் பெயரே இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். அட்டை தடிமனாக இருக்கிறது, கவருக்குள் நுழையவில்லை என்று மேல்தாளை மட்டும் உரித்து அனுப்பினீர்களா? ஒரு ரௌட்டருக்கு நான் அப்படித்தான் செய்தேன். சமையலறைக் கத்தியால் அறுத்து, ஓரத்தை நனைத்து, கிழியாமல் உரித்தெடுக்க அரை மணி நேரம் ஆனது. உரித்த தாள் பார்வைக்கு நகல் போலவே இருந்தது. எனக்கும் இதே மறுப்பு வந்தது. பின்பக்கம் ஒட்டியிருந்த பழுப்பு நாரை அங்கே யாரும் திருப்பிப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

என்னைக் காப்பாற்றியது தூக்கிப் போடாமல் வைத்திருந்த பெட்டி. ஓட்டை விழுந்த பக்கத்தையும் சீரியல் எண்ணையும் படம் எடுத்து, ரசீது நகலோடு மறுபடி அனுப்பினேன். நீங்களும் அதையே செய்யுங்கள். கடிதத்தை ரிபேட்டைக் கையாளும் நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள்; அது பெரும்பாலும் வேறொரு கம்பெனி. பிரிண்டர் தயாரித்தவர்களுக்கும் ஒரு பிரதி போகட்டும். சான்றளிக்கப்பட்ட தபாலில், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள்.

சொன்ன கெடுவுக்குள் பணம் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். கெடு எதுவும் சொல்லாவிட்டால் நியாயமான காலத்துக்குள் தர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் மத்திய வர்த்தக ஆணையத்திடமும் உங்கள் மாநில அட்டர்னி ஜெனரலிடமும் புகார் கொடுங்கள். கனெக்டிகட் மாநிலத்தில், ரிபேட் கழித்த விலையைக் கடைக்காரர் விளம்பரப்படுத்தினால் அந்தத் தொகையை வாங்கும்போதே கொடுத்துவிட வேண்டும். எல்லா மாநிலங்களிலும் இப்படி இருந்தால் உங்களுக்குக் கத்தியும் கவரும் தேவைப்பட்டிருக்காது.

கடைசியாக, தபால் பெட்டியில் ஒரு கண் இருக்கட்டும். ரிபேட் காசோலை பல நேரம் விளம்பர அட்டை போலவே வரும். என்னுடையதைப் பீட்சா கூப்பன்களோடு சேர்த்துக் குப்பையில் போட என் கணவர் கையில் எடுத்துவிட்டார். 90 நாட்களில் காலாவதி என்று அதன் மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. அன்று மாலையே வங்கிக்குப் போய்விட்டு வந்தேன்.